நேர்காணலுக்கு அப்பாவும் வந்தார்

சுரங்கப் பொறியாளர் வேலைக்கு விண்ணப்பித்தது நான். வேலை கிடைத்தது என் அப்பாவுக்கு. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் "கதை விடாதே" என்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

அப்பா ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் ஹைட்ராலிக்ஸ் பிரிவில் இருந்தவர். எண்ணெயின் அழுத்தத்தில் இரும்பைத் தூக்குவதும் தள்ளுவதும்தான் அவர் உலகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தி, ஓய்வு பெற்றதும் பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு எங்களைக் கூட்டிவந்தார். ஊரை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவர் பேச்சு மட்டும் இன்னும் தாமிரபரணியில்தான் குளித்துக்கொண்டிருக்கிறது.

ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சரியாகச் சொன்னால், அவருடைய ஓய்வு அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓடாத மிக்ஸியைப் பிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அப்பா ஓடுகிற மிக்ஸியைப் பிரிப்பார். "சத்தம் சரியில்ல" என்பார். திரும்ப மாட்டியதும் சத்தம் நிஜமாகவே சரியில்லாமல் போயிருக்கும். மாடியில் இருந்த தண்ணீர் மோட்டார், எதிர்வீட்டு வாஷிங் மெஷின், கேட்டின் சக்கரம் என்று ஒன்றொன்றாக அவர் கைக்குப் போய்வந்தன. எதிர்வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்தால் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். அம்மா ஒருநாள் இட்லித் தட்டைத் தேடியபோது அது ஸ்குரூக்கள் போட்டுவைக்கும் தட்டாக பால்கனியில் இருந்தது. அன்றைக்கு அம்மா என்னிடம் சொன்னாள்: "இவருக்கு எங்கயாவது ஒரு வேலை பாருடி. சம்பளம்கூட வேண்டாம். காலையில போயிட்டு சாயங்காலம் வந்தா போதும்."

நானோ அப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலையிலிருந்தேன். படித்தது மெக்கானிக்கல். என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டருக்குப் போனார்கள், நானும் கூட்டத்தோடு போனேன். ஏதோ ஒரு வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டின் இணையதளத்தில் வெண்ணெய்க்குத் தள்ளுபடி சரியாக விழுகிறதா என்று பார்ப்பது என் வேலை. அந்த வெண்ணெயை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு நாள் தள்ளுபடி தப்பாக விழுந்துவிட்டது என்று இந்தியா, ஐரோப்பா இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் எனக்கு அழுகை வரவில்லை, கொட்டாவி வந்தது. கேமரா ஆனில் இருந்தது.

மெட்ரோ வேலைக்காக ஊரெல்லாம் தகரத் தடுப்பு வைத்திருந்த சமயம் அது. பஸ் நகராமல் நிற்கும்போதெல்லாம் பூந்தமல்லி பக்கத்திலிருந்து நீள லாரிகள் வரும். அவற்றின் மேல் வாழைப்பழம் போல வளைந்த பெரிய கான்கிரீட் துண்டுகள் அடுக்கியிருக்கும். மற்றவர்கள் எல்லாரும் அந்த லாரிகளைத் திட்டினார்கள். எனக்கு அந்தத் துண்டுகள் எங்கே போகின்றன என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. தேடிப் படித்தேன். பூமிக்கு அடியில் ஒரு இயந்திரம் மண்ணைக் குடைந்துகொண்டே போகிறது, அதன் பின்பக்கம் இந்தத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று கோத்து வளையமாக்குகிறார்கள், வளையத்துக்கு அடுத்து வளையம் வைத்தால் சுரங்கம். அந்த வளையத்தின் விளிம்பில் ஜாக்கிகளை ஊன்றித்தான் இயந்திரம் தன்னைத்தானே முன்னுக்குத் தள்ளிக்கொள்கிறது. உள்ளே ஒரு தொழிற்சாலையே இருக்கிறது, அதனால் மெக்கானிக்கல் படித்தவர்களையும் எடுப்பார்கள். அன்றைக்கு மதியமே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். வெண்ணெய்க் கம்பெனியின் கம்ப்யூட்டரிலிருந்தேதான்.

நேர்காணல், பூந்தமல்லியைத் தாண்டி, அந்தத் துண்டுகளை வார்க்கும் மைதானத்தில். "ஆபீஸ் எங்க?" என்று அப்பா கேட்டார். கன்டெய்னரில் என்று சொன்னேன்.

"கன்டெய்னர்லயா? சரக்குல்லா அதுல இருக்கும். ஆளு எப்படி இருப்பான்? நீ தனியா போக வேண்டாம், நானும் வாறேன்."

"இன்டர்வியூவுக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போனா என்ன நினைப்பாங்க?"

"நான் உள்ள வரமாட்டேன்ட்டி. வெளிய மரத்தடியில நிப்பேன்."

அங்கே மரமே இல்லை. கிரேன்களும் கம்பிக் கூடுகளும் சிமென்ட் தூசியும் மட்டும்தான். கன்டெய்னருக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் போல ஃபைல் வைத்திருந்த சின்ன வயசுக்காரர்கள் சிலர், கையில் ஒன்றுமே இல்லாத நடுவயசுக்காரர்கள் சிலர். அன்றைக்குப் பொறியாளர், ஃபோர்மேன் இரண்டு வேலைக்கும் சேர்த்தே ஆள் எடுக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அப்பா இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையும், தொழிற்சாலைக் காலத்துக் கறுப்பு ஷூவுமாக நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வந்திருந்தவர்களிலேயே வேலைக்கு லாயக்கான ஆள் அவர்தான் என்று யாருக்கும் தோன்றியிருக்கும்.

நான் கழிவறை எங்கே என்று கேட்டேன். மைதானத்தின் அந்தக் கோடியைக் காட்டினார்கள். நான் போய்த் திரும்புவதற்குள் கதை முடிந்துவிட்டது.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு இளைஞர் கன்டெய்னர் கதவைத் திறந்து, காதில் ஃபோனோடு, "மெக்கானிக்கல்... ஆவடியிலேர்ந்து வந்தவங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார். அப்பா எழுந்து நின்றிருக்கிறார். அவரும் ஆவடியிலிருந்து வந்தவர்தானே.

உள்ளே என்ன நடந்தது என்பதை அப்பா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அவர் மனசில் ஓடியது இதுதான்: பெண்பிள்ளையைப் பூமிக்கு அடியில் வேலைக்கு எடுக்கப்போகிறார்கள், அதனால் முதலில் தகப்பனைக் கூப்பிட்டுக் குடும்பம் எப்படி என்று விசாரிக்கிறார்கள். பொறுப்பான கம்பெனி. சம்பந்தம் பேச வந்தவர்களிடம் பேசுவது போல எல்லாவற்றுக்கும் மறைக்காமல் பதில் சொல்லியிருக்கிறார்.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். சொன்னார். ஜாக்கி கசிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். இதையெல்லாம் ஏன் கேட்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்ததாம். ஆனால் ஜாக்கியைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்து ரொம்ப நாளாகியிருந்தது. அம்மா கேட்கமாட்டாள். பேசித் தீர்த்துவிட்டார். உடம்புக்கு ஏதாவது உண்டா? "சுகர் கொஞ்சம். மாத்திரையில நிக்குது." ஷிஃப்ட் வேலை ஒத்துவருமா? "எங்க வீட்டுல எல்லாருக்கும் ஷிஃப்ட் பழக்கம்தான் சார்." எப்போது சேர முடியும்? இது என்னைப் பற்றிய கேள்வி என்று நினைத்து, "நாளைக்கே அனுப்பி வைக்கேன்" என்றிருக்கிறார். "அனுப்பி வைக்கேன்" என்றது அவர்களுக்கு ஏதோ திருநெல்வேலித் தமிழ் என்று தோன்றியிருக்க வேண்டும். கை குலுக்கினார்கள்.

நான் திரும்பி வரும்போது அப்பா கன்டெய்னர் படியில் பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தார்.

"ஏட்டி, வேலை கிடைச்சிட்டு!"

"யாருக்கு?"

"என்ன யாருக்கு? திங்கக்கிழமை வரச்சொல்லிட்டாங்க."

"நான் இன்னும் உள்ளயே போகலையேப்பா."

அப்பாவின் பற்கள் மெல்ல மெல்ல உள்ளே போயின. அட்டை இளைஞர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "சார், நீங்க ஃபோர்மேன் கேண்டிடேட் இல்லையா?" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க ஃபைலை முகத்தில் வைத்துக்கொண்டார்.

பிறகு என்னையும் கூப்பிட்டார்கள். உள்ளே பெரிய மேலாளர் இருந்தார். ஆந்திராக்காரர். ஹெல்மெட் போட்டுப் போட்டு நெற்றியில் ஒரு கோடு நிரந்தரமாக விழுந்திருந்தது. விஷயத்தை அதற்குள் அவரிடம் சொல்லிவிட்டார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு இருக்கே. இங்க வந்து சேத்துல நிப்பியா?"

"நிப்பேன் சார்."

"எதுக்கு சுரங்கம்?"

நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. நாட்டின் உள்கட்டமைப்பு என்று ஆரம்பிக்கும். அது வாயில் வரவில்லை. "சார், நான் பார்க்கிற வேலையில ஒண்ணையும் தொட முடியல. கையால தொடுற மாதிரி ஒரு வேலை வேணும்" என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. மண்ணைப் பற்றி, அழுத்தத்தைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார். பாதிக்குத் தெரியும் என்றேன், பாதிக்குத் தெரியாது என்றேன். கடைசியில் சொன்னார்: "உங்க அப்பாவுக்கு கன்ஃபர்ம். உனக்குச் சொல்லி அனுப்புறோம்."

ஸ்கூட்டரில் வீடு திரும்பினோம். திருவேற்காடு தாண்டியதும் அப்பா தலையைத் திருப்பாமல், "நான் போகமாட்டேன். உனக்குக் கிடைக்காத எடத்துல எனக்கு என்ன வேலை?" என்றார். குரலில் தியாகம் இருந்தது. கூடவே, "அதெல்லாம் வேண்டாம், போங்கள்" என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்ற ஏக்கமும் இருந்தது.

வீட்டில் முடிவைச் சொன்னது அம்மா. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்தாள். "உங்களுக்குக் கூறு இருக்கா? கூப்பிட்டது உங்களையா அவளையான்னுகூடவா தெரியாது?" என்று ஆரம்பித்தவள், அப்பா "நான் போகலைன்னு சொல்லிட்டேன்" என்றதும் சட்டென்று குரலை மாற்றினாள். "போகாம? திங்கக்கிழமை எத்தனை மணிக்குப் போகணும்? டிபன் என்ன கட்டட்டும்?"

என் பக்கம் திரும்பி, "நீ ஏற்கெனவே ஒரு வேலையில இருக்கடி. இவரு வீட்ல இருக்காரு" என்றாள். 

அப்பா போனார். ஆரஞ்சு ஜாக்கெட்டும் வெள்ளை ஹெல்மெட்டுமாக முதல் நாள் சாயங்காலம் லிஃப்டில் ஏறியபோது எதிர்வீட்டுக்காரர் அவரை அடையாளம் தெரியாமல் "எந்த வீட்டுக்கு?" என்று கேட்டாராம். ஒரே வாரத்தில் எங்கள் குடியிருப்பு முழுக்க அப்பா சுரங்க நிபுணர் ஆகிவிட்டார். "நெய்வேலிக்கா போறீங்க?" என்று கேட்டவர்களுக்கு விளக்கினார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து, கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது, நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார். அது வேறு இது வேறு என்று அப்பா சொல்லியிருக்கலாம். போய்ப் பார்த்தார்.

எனக்கு அந்த நாட்கள் கசப்பாகவே இருந்தன. நான் பகலெல்லாம் வெண்ணெய்க்குத் தள்ளுபடி போடுவேன். சாயங்காலம் அப்பா சேற்று வாசனையோடு வந்து, இயந்திரத்தின் வயிற்றுக்குள் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று சாப்பாட்டுத் தட்டில் அப்பளத்தை வைத்துப் படம் காட்டுவார். கேட்காதது போல உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். படுத்த பிறகும் அந்தக் குழாய்கள் தலைக்குள் ஓடும். பொறாமையில் அவரிடம் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கவனிக்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

பிறகு ஒரு நாள் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. பயிற்சிப் பொறியாளராகச் சேரச் சொன்னார்கள். நீங்கள்தானே சிபாரிசு செய்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டதற்கு, "ஒரு வார்த்தை சொல்லல. சத்தியமா சொல்லல" என்றார். உண்மை பின்னால் மேலாளர் வாயிலிருந்து வந்தது. "சிபாரிசா? அது இல்லம்மா. அவரு தினம் தினம் உன் கதை. எங்க பொண்ணு இப்படி, எங்க பொண்ணு அப்படி. டீ குடிக்க விடல. உன்னை வேலைக்கு எடுத்தா நிறுத்துவாருன்னு நெனச்சோம்."

நிறுத்தவில்லை என்பதையும் அவரே வருத்தத்தோடு சொன்னார்.

இப்படியாக நானும் அப்பாவும் ஒரே ஸ்கூட்டரில், ஒரே சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆனோம். நகரத்துக்குள் ஒரு பெரிய கிணறு போலத் தோண்டிவைத்திருந்தார்கள். இரும்புப் படிகளில் இறங்கினால் அடியில் சுரங்கத்தின் வாய். இயந்திரத்துக்கு வழக்கப்படி ஒரு பெண் பெயர் வைத்து, குங்குமமும் வைத்திருந்தார்கள். ஆனால் நான் முதல் நாள் உள்ளே நடந்தபோது, பெண்பிள்ளை உள்ளே போனால் ஆகுமா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அப்பா திரும்பி, "அப்ப இந்த மிஷினை முதல்ல வெளிய அனுப்புங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

வேலையிடத்தில் அப்பா எனக்கு ஒரு சட்டம் போட்டார். கிணற்றின் முதல் படியில் கால் வைத்ததும் நான் அவரை ஃபோர்மேன் சார் என்றும், அவர் என்னை மேடம் என்றும் கூப்பிட வேண்டும். கௌரவமான சட்டம். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில், "மேடம், அந்த ஊறுகாயைத் தள்ளுட்டி" என்பார்.

வேலையைக் கற்றுக்கொள்ள மாதங்கள் ஆயின. உள்ளே வெக்கை, இரைச்சல், கால் முழுக்கக் களிமண். ஒரு வளையத்தைக் கோத்து முடிக்கும்போது கடைசித் துண்டு, சாவி போல ஒரு சின்னத் துண்டு, இடுக்கில் போய் அமர்வதைப் பார்ப்பது எனக்குத் தினமும் பண்டிகையாக இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கான்கிரீட்டைத் தொட்டுப் பார்ப்பேன். ஆரம்பத்தில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தது. பிறகு மற்றவர்களும் யாரும் பார்க்காதபோது தொடுகிறார்கள் என்று தெரிந்தது.

பயிற்சி முடிந்து எனக்குப் பகல் ஷிஃப்ட் பொறுப்பு கொடுத்தார்கள். அதாவது, அந்த ஷிஃப்டில் இயந்திரம் ஓடுவதா நிற்பதா என்று சொல்ல வேண்டியது நான். அப்பா அதே ஷிஃப்டில் ஹைட்ராலிக்ஸ் ஃபோர்மேன். எங்கள் இருவருக்கும் நடந்த சண்டை, அந்தச் சுரங்கத்தில் இன்றும் பேசப்படுவது, அப்போதுதான் நடந்தது.

அன்று காலை இயந்திரம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் ஆபரேட்டரின் அறையில் நின்றிருந்தேன். ஆபரேட்டர் ஒடிசாக்காரர், தமிழில் "சரி", "சாப்பிட்டாச்சு" இரண்டும்தான் தெரியும். இயந்திரத்தின் முகத்துக்கு முன்னால் மண் ஒரு அழுத்தத்தோடு நிற்க வேண்டும். அந்த அழுத்தம் குறைந்தால் மேலே தரை இறங்கிவிடும். திரையில் அந்த அளவு திடீரென்று சரிந்தது. ஏறியது, மறுபடி சரிந்தது. களிமண்ணை இளக்குவதற்காக முன்னால் ஒரு நுரை செலுத்துவோம். அதுவும் எவ்வளவு போட்டாலும் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

பின்பக்கத்து ஆட்களுக்கும் கேட்கும்படி வாக்கி டாக்கியை எடுத்து, "முன்னேற வேண்டாம், நிறுத்துங்க" என்றேன்.

பின்பக்கத்திலிருந்து அப்பாவின் குரல்: "மேடம், ஒண்ணுமில்ல. சென்சார்ல களி அடைச்சிருக்கும். இன்னைக்கு நல்லா போகுது, தள்ளச் சொல்லுங்க."

"எல்லா சென்சாரும் ஒரே நேரத்துல அடைக்காது. நிறுத்துங்க."

"நான் சொல்லுதேன்லா. இது எத்தனை தடவை பாத்திருக்கேன்."

"ஃபோர்மேன் சார், நிறுத்துங்க."

"ஏட்டி, சொன்னா கேளு..."

"அப்பா! நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

வாக்கி டாக்கியில் பேசினால் சுரங்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். கிணற்றின் மேலே கிரேன் ஓட்டுகிறவருக்கும் கேட்கும். இயந்திரம் நின்றது. பிறகு, ரொம்ப மரியாதையாக, "சரி மேடம்" என்று ஒரு குரல் வந்தது. தமிழே தெரியாத ஆபரேட்டர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவருக்கு ஊரில் இரண்டு மகள்கள்.

 அப்பாவின் பேரைக் கெடுத்துவிட்டேனோ என்று எனக்கு ஒரு பக்கம், ஒன்றுமில்லாததற்கு நிறுத்திவிட்டேனோ என்று ஒரு பக்கம். மேலே இருந்த கண்காணிப்பு ஆட்களைத் தரையைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர்கள் கிளம்பும் முன்பே மேலாளரின் ஃபோன் வந்தது. "ஏம்மா, நிறுத்தினது நல்லதாப் போச்சு. ஒரு டிபன் கடையில நுரை வருதாம். உங்க அப்பாவையும் கூட்டிக்கிட்டு மேல போ. அவருக்குப் பேச வரும்."

நாங்கள் கிணற்றிலிருந்து ஏறி, தெருவைத் தேடிப் போனோம். அப்பா எனக்கு முன்னால் நடந்தார். பின்னாலிருந்து பார்த்தால் அவர் காது சிவந்திருந்தது.

சந்துக்குள் ஒரு சின்ன டிபன் கடை. கடைக்குப் பக்கத்தில், ஒரு கல்லுக்கு அடியிலிருந்து வெள்ளை நுரை புசுபுசுவென்று பொங்கி வழிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கூட்டம். ஒரு பெண் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, கையில் கரண்டியோடு நின்றார். கடைக்காரம்மா.

எங்கள் ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, கீழ இன்னா துணி தொவச்சிகினு கீறீங்களா? எங்க கடையாண்ட நுரையாப் பொங்கிகினு கீது!"

"அக்கா, பயப்படாதீங்க. மண்ணு இளகுறதுக்குப் போடுற நுரைதான்" என்றேன்.

"மண்ணுக்கு இன்னாத்துக்கு ஷாம்பூ? இங்க மாவு கீது, அந்தாண்ட நுரை கீது. ஒர்த்தன் வந்தான், மாவுதான் பொங்கி ஊத்துதுன்னு நெனச்சிகினு சாப்புடாமயே பூட்டான். என் யாவாரம் இன்னா ஆவறது?"

விசாரித்தால், கல்லுக்கு அடியில் இருந்தது அவருடைய மாமனார் காலத்தில் போட்ட போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. தண்ணீர் வரவில்லை என்று கல்லை வைத்து மூடிவிட்டு எல்லாரும் மறந்துவிட்டார்கள். சுரங்கம் தொடங்கும் முன்பு, போர் ஏதாவது உண்டா என்று எங்கள் ஆட்கள் வீடு வீடாகக் கேட்டபோது, இல்லை என்றே அவரும் சொல்லியிருக்கிறார். கீழே எங்கள் இயந்திரம் அதன் பக்கமாக வந்ததும் நுரை நேர்வழி கண்டுபிடித்து ஏறிவிட்டது.

அப்பா தொண்டையைச் செருமினார். நான் அவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இது எம் பொண்ணு" என்றார், கடைக்காரம்மாவிடம், கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி. "கீழ மிஷினை நிறுத்தினது இவதான். நான் நிறுத்த வேண்டாம்னு சொன்னேன். கேக்கல. என்னையே அதட்டிட்டா."

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ. உன் பேச்சைக் கேட்டுகினு ஓட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"நுரை உங்க கல்லாப் பெட்டி வரைக்கும் வந்திருக்கும். தரையும் எறங்கியிருக்கும்" என்றார் அப்பா, ஏதோ சாதனை போல.

"நல்லவேளையா பொண்ணைப் பெத்து வெச்சிகினு கீறே நைனா" என்றார் அவர்.

கூட்டம் சிரித்தது. அப்பா கூட்டத்தைவிடச் சத்தமாகச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் போரை சிமென்ட் பால் விட்டு அடைத்து, தரையை அளந்து பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இயந்திரத்தை ஓட்டினோம். கடையை அன்றைக்கு மூடச் சொல்லிவிட்டோம். அரைத்து வைத்த மாவு என்ன ஆவது என்று அந்த அம்மா கேட்டதும், அப்பா எங்கள் ஷிஃப்டுக்கு முழுக்கவும் அவர் கடை இட்லிதான் என்று அறிவித்துவிட்டார். பாத்திரத்தில் எடுத்துவந்து கிணற்றடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்ல இட்லி. மறுநாளிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. ஆபரேட்டரின் தமிழில் "கெட்டிச் சட்னி" என்ற மூன்றாவது சொல் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் நான் மன்னிப்புக் கேட்கும் தொனியில், "எல்லாருக்கும் கேக்குற மாதிரி கத்திட்டேன்ப்பா" என்றேன்.

"கத்தாம பின்ன? மிஷின் சத்தத்துல மெதுவா சொன்னா கேக்குமா?" என்றார். பருத்திப்பட்டு வந்து சேர்வதற்குள் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தி, தெரிந்தவர்களிடம் நான் அவரை அதட்டிய கதையைச் சொன்னார். இரண்டாவது இடத்தில் நுரை பனைமர உயரத்துக்கு ஏறியிருந்தது.

இயந்திரம் மறுமுனைக் கிணற்றில் வெளியே வந்த நாளன்று குடும்பத்தாரையும் வரச்சொல்லியிருந்தார்கள். அம்மா பட்டுப்புடவையில் வந்தாள். சுவர் முதலில் அதிர்ந்தது, விரிசல் விட்டது, பெரிய பெரிய கட்டியாக உதிர்ந்தது. புழுதி அடங்கியதும், சுற்றிக்கொண்டே அந்த இரும்பு முகம் வெளியே வந்தது. எல்லாரும் கத்தினோம். அப்பா அழுதார். ஒடிசாக்காரரும் அழுதார். அம்மா மட்டும் அந்த முகத்தில் அப்பியிருந்த களியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை யாரு கழுவுவா?" என்று கேட்டாள். அதைக் கழுவத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் கைதட்டினாள்.

சுரங்கக்காரர்களின் வேலை அங்கேதான் சிக்கலாகும். ஒரு சுரங்கம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த சுரங்கம் எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும். மேலாளர் இமயமலைப் பக்கம் ஒரு வேலைக்குப் போனார். போகும்போது எங்கள் இருவரையும் கூப்பிட்டார். எனக்குப் பதவி உயர்வு, அப்பாவுக்கு இன்னொரு ஒப்பந்தம்.

அன்று வீட்டில் அப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் அவ்வளவு தூரமா, குளிர் ஒத்துக்கொள்ளுமா, நான் தனியாக எப்படி இருப்பேன் என்று அவள் ஒரு பாட்டம் பாடுவாள், தான் அதைத் தாண்டிச் சமாதானம் சொல்ல வேண்டும் என்று தயாராக இருந்தார்.

"போயிட்டு வாங்க ரெண்டு பேரும்" என்றாள் அம்மா. "ஸ்வெட்டர் வாங்கணும்."

அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஒரு வார்த்தை! நான் இருந்தா என்ன, போனா என்னன்னுதான இருக்கே?" என்றார். அம்மா எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பார்த்தாள். போகச் சொன்னதும் அவள்தான், இப்போது போக வேண்டாம் என்று கெஞ்சியதும் அவள்தான். அதற்குப் பிறகு அவர் போவதாகவே இல்லை. போகாததற்கு உண்மையான காரணம் என்ன என்று எனக்குத் தெரியும். மேலாளரிடம் அவர் தனியாகச் சொன்னாராம்: "எங்க வீட்டுக்காரிய விட்டுட்டு ஒரு வாரம்கூட இருந்ததில்ல சார். வெளிய சொல்லிராதீங்க."

நான் மட்டும் மலைக்குப் போனேன். இங்கே களி கிடையாது, பாறைதான். குடைகிற முறையே வேறு. திரும்பவும் முதலிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறேன். போன மாதம் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, ஆவடி ஸ்டேஷனுக்கு அப்பா வரவில்லை. வேலையில் இருக்கிறார் என்றாள் அம்மா. அம்பத்தூரில் சாலைக்கு அடியில் பாதாளச் சாக்கடைக் குழாய்களை ஜாக்கி வைத்துத் தள்ளும் வேலை. தானே விசாரித்து, தானே போய், இந்தத் தடவை தன் பேருக்கே நேர்காணல் கொடுத்து வாங்கியிருக்கிறார்.

போய்ப் பார்த்தேன். அவர் குடைகிற சுரங்கத்தில் ஆள் நிமிர முடியாது, குனிந்துகூடப் போக முடியாது. குழிக்குள் நின்றுகொண்டு, வாக்கி டாக்கியில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அங்க ஒரு நாளைக்கு எவ்வளவு போறீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"பாறையில அவ்வளவுதான் வரும்" என்றார், ரொம்ப ஆறுதலாக. பிறகு குழிக்குள் திரும்பி, "எங்க மேடம் வந்திருக்காங்க, ஒழுங்கா தள்ளுங்கலே!" என்றார்.